மிஷின் ஓடுது சரி, டன் ஏறுதா?



பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, திருநின்றவூர் பக்கத்தில் சவுக்கு போட்டிருப்பவர்களிடம் இன்றைக்கு ஒரு கேள்வி கேட்கிறேன். தோப்பு வெட்டுக்கு வந்துவிட்டது. கோடாலி ஆட்களை வைத்து வெட்டுவதா, மிஷின் ரம்பம் வைத்து அறுப்பதா? "மிஷின்தாங்க, சட்டுனு முடிஞ்சிடும்" என்பீர்கள். ரம்பம் வேகமாக அறுக்கும், உண்மைதான். ஆனால் மரம் சாய்வதோடு வேலை முடிவதில்லை. கட்டை லாரியில் ஏறி, எடை மேடையில் நின்றால்தான் உங்களுக்குக் காசு. அந்த இடைவெளியில்தான் பணம் கரைகிறது. அதை எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம்.

சவுக்கு நமக்குப் பழைய பயிர். 1860-களில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்று சென்னையை ஒட்டிய கடற்கரை மணலில் பெருமளவில் போட ஆரம்பித்தார்கள். பிறகு பட்டணத்து அடுப்புக்கு விறகாகவும், கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் கழியாகவும் போயிற்று. இப்போது காகித ஆலைகளும் வாங்குகின்றன. 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையோடு சவுக்கு, தைலமரக் கட்டைகளையும் கூழாக்குகிறது.

மரத்துக்குக் கிராக்கி இருக்கிறது. வெட்டத்தான் ஆள் இல்லை. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. அதன் பிறகு ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் என்று எல்லாப் பக்கமும் கம்பெனிகள் வந்துவிட்டன. கோடாலி பிடித்த வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அதனால் மிஷின் வருவது தவிர்க்க முடியாதது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் காகித ஆலையோடு சேர்ந்து நடத்திய மரப்பயிர்த் திட்டத்தில், நடவு மட்டுமல்லாமல் அறுவடைக்கும் இயந்திரம் கொண்டுவரும் வேலை இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

கைக்கடிகார ஆராய்ச்சி

மரம் வெட்டும் வேலையை ஆராய்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையில் கடிகாரத்தோடு தோப்பில் நிற்கிறார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். மரத்துக்கு மரம் நடப்பது, அடிச்செடியை ஒதுக்குவது, அறுப்பது, கிளை கழிப்பது, துண்டு போடுவது, சுமந்து அடுக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று குறிக்கிறார்கள். பெட்ரோல் ஊற்ற நின்றது, சங்கிலி மழுங்கி நின்றது, ஆளுக்காகக் காத்து நின்றது எல்லாம் தனிக் கணக்கு. கடைசியில், மணிக்கு எத்தனை டன், டன்னுக்கு எவ்வளவு செலவு என்று பார்க்கிறார்கள்.

இப்படிப் பார்த்ததில் உலகம் முழுக்கத் தெரிந்த உண்மை இரண்டு. ஒன்று, மரம் பருமனாக இருந்தால் அதே மிஷின் அதே ஒரு மணியில் அதிக டன் தரும். சின்ன மரம் என்றால் நடையும் கிளை கழிப்பும் மிகுதி, கட்டை கொஞ்சம். சுவீடன், பின்லாந்து நாடுகளில் ஓட்டுநர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடியே மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை சீவி, துண்டு போடும் பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே விதிதான். நம்முடைய மூன்று, நாலு வருஷச் சவுக்குக்கும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தோப்புக்கும் அவை கட்டுபடியாகாது. நமக்கு ஏற்றது கையில் பிடிக்கும் மிஷின் ரம்பம், டிராக்டர், நல்ல ஏற்பாடு.

இரண்டாவது உண்மை, ரம்பம் மரத்தில் ஓடும் நேரம் மொத்த நேரத்தில் ஒரு பகுதிதான். மீதி நேரம் மற்ற வேலையிலும் காத்திருப்பிலும் போகிறது. ஆகவே காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ரம்பம், ஆட்கள், டிராக்டர் எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 6,000 ரூபாய். அன்றைக்கு 12 டன் வெளியே வந்தால் டன்னுக்கு 500 ரூபாய். அதே கும்பல், அதே மிஷின், காத்திருப்பைக் குறைத்து 15 டன் எடுத்தால் டன்னுக்கு 400 ரூபாய். 40 டன் தோப்பில் 4,000 ரூபாய் மிச்சம். இது கணக்குக்காகச் சொன்ன தொகை. உங்கள் ஊர்க் கூலியை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அடிக்கட்டை. கோடாலி வெட்டு உயரத்தில் விழும், சிராய் வேறு வீணாகும். ரம்பத்தைத் தரையை ஒட்டிப் பிடிக்கலாம். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,800 மரம். ஒவ்வொன்றிலும் நாலு விரற்கடை கட்டை தரையிலேயே தங்கி, அது முக்கால் கிலோ என்று வைத்தால், ஏக்கருக்கு ஒன்றேகால் டன்னுக்கு மேல் மண்ணோடு போகிறது. வேரோடு தோண்டி விற்பவர்களுக்கு இந்த நஷ்டம் இல்லை. அவர்கள் தோண்டும் செலவைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது ஈரம். பச்சைக் கட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். எடைக்கு விற்கும்போது வெயிலில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் எடை இறங்கும். 40 டன்னில் நூற்றுக்கு ஐந்து காய்ந்தாலும் 2 டன் காற்றில் போய்விடுகிறது. மிஷின் ஒரே நாளில் சாய்த்துவிட்டு, லாரி ஒரு வாரம் கழித்து வந்தால், அந்த வேகத்தால் யாருக்கு லாபம்? நிச்சயம் உங்களுக்கு இல்லை.

செய்ய வேண்டியவை

முதலில் லாரியையும் வாங்குபவரையும் பேசி முடியுங்கள். பிறகு ரம்பம் உள்ளே வரட்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவே சாயட்டும்.

என்ன நீளம், என்ன பருமன், பட்டை உரித்ததா உரிக்காததா என்று ஆலையிடமோ வியாபாரியிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டை பச்சையில்தான் சுலபமாக உரியும்.

எல்லா மரமும் ஒரே பக்கம் சாயட்டும். அடிப்பக்கம் வண்டிப் பாதையைப் பார்த்திருந்தால் இழுப்பது பாதி வேலை ஆகிவிடும்.

தீட்டிய சங்கிலி ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மழுங்கிய சங்கிலி பெட்ரோலையும் தின்னும், நேரத்தையும் தின்னும்.

பக்கத்துப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து அடுத்தடுத்து வெட்டுங்கள். மிஷினும் லாரியும் வந்துபோகும் செலவு பங்காகும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடியுங்கள். நம் பக்கத்துக் களிமண்ணில் ஈரத்தோடு லாரி இறங்கினால் வண்டியும் சிக்கும், மண்ணும் இறுகும்.

உயிர் முக்கியம்

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் திருவள்ளூர் பக்கத்திலும் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்தது நினைவிருக்கும். விழுந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த மரம், நிற்கிற மரத்தைவிட ஆபத்தானது. முறுக்கிக்கொண்டிருக்கும் கட்டையை அறுத்தால் வில் மாதிரி தெறிக்கும். அதைப் பழகினவர்தான் தொட வேண்டும்.

ரம்ப அலகின் மேல் நுனி கட்டையில் பட்டால் மிஷின் ஆள் மேலேயே எகிறும். தலைக்கவசம், கண்ணாடி, பூட்ஸ், கால் காப்பு இல்லாமல் ரம்பம் பிடிக்க விடாதீர்கள். 40 அடி மரம் என்றால் 80 அடிக்குள் அறுப்பவரைத் தவிர வேறு ஆள் நிற்கக் கூடாது. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே வெட்டுங்கள். ஓர் ஆள் காயப்பட்டால் நாம் போட்ட டன் கணக்கெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

நண்பர்களே, அடுத்த வெட்டுக்கு ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போங்கள். காலையில் எப்போது ஆரம்பித்தது, எங்கெங்கே வேலை நின்றது, சாயங்காலம் எத்தனை டன் ஏறியது என்று எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் போதும், பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது தெரிந்துவிடும். ஓட்டை தெரிந்தால் அடைப்பது உங்கள் கையில் இருக்கிறது.