பாலைவனப் பந்தயத்தில் பாட்டரியா, ஹைட்ரஜனா?

2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டாக்கர் ராலியில் கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஆடி கார் வென்றது. சக்கரங்களைச் சுழற்றியது மின்மோட்டார். ஓடும்போதே பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டியதோ ஒரு பெட்ரோல் எஞ்சின். நம் டீசல் ரயில் எஞ்சினின் தத்துவம்தான்!

காரணம் எடை. ஒரு கிலோ லித்தியம் பாட்டரியில் சுமார் 0.2 யூனிட் மின்சாரம் அடங்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட். அதை அடைக்கும் உருளையின் எடை 15 மடங்குக்கு மேல் என்றாலும் ஹைட்ரஜனே இலேசு.

ஆனால் தண்ணீரைப் பிரித்து, வாயுவை அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்குவதற்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறது; பாட்டரியில் கால் பங்குதான்.

ஆகவே, சார்ஜ் செய்ய வழியில்லாத பாலைவனத்துக்கு ஹைட்ரஜன் பொருந்தலாம். இரவில் வீட்டிலேயே பிளக்கைச் செருகிவிடலாம் என்றால் பாட்டரிதான் சிக்கனம். பந்தயத்தில் எது வென்றாலும், அன்பர்களே, அதைப் பார்த்து வீட்டுக் காரை முடிவு செய்யாதீர்கள்.