பிள்ளைகள் வரைய ஒரு மூலை

வீட்டுக்கு வெள்ளையடித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பங்குத்தந்தை வந்து இல்லத்தை மந்திரிப்பதற்கு முந்தைய மாலை, எங்கள் ஐந்து வயதுச் சிறுவன் அடுப்புக்கரியை எடுத்துக் கூடத்துச் சுவர் முழுவதும் ஒரு பேருந்தை வரைந்துவிட்டான். அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடிக்கு வரும் பேருந்தாம் அது. சன்னலுக்குச் சன்னல் ஒரு தலை. கூரைமேல் இரண்டு ஆடுகள். பார்த்து மகிழ எனக்குத் தோன்றவில்லை. இரண்டு அடி கொடுத்தேன். இரவோடிரவாகச் சுண்ணாம்பு கரைத்து அதன்மேல் பூசினேன். விடிந்தபோது வெள்ளையின் ஊடே பேருந்து சாம்பல் நிறத்தில் அப்படியே தெரிந்தது. கரி எளிதில் மறைவதில்லை. வந்த சாமியார் அதைக் கண்டு சிரித்தார். "ஓட்டுநரைக் காணோமே" என்று மட்டும் கேட்டார். ஆனால் பிள்ளையோ அதன்பின் ஓராண்டுக் காலம் வரைவதற்கென்று எதையும் கையில் தொடவில்லை. படம் போடச் சொன்னால், "வேண்டாம், அடிப்பீங்க" என்று ஒதுங்கிக்கொண்டான்.

பெற்றோரே, அந்த ஓராண்டில் நான் எண்ணிப் பார்த்தது இதுதான்: சுவரில் வரைந்தது அவன் குற்றமென்றால், வரையலாம் என்று வேறோர் இடத்தை நான் அவனுக்கு எப்போது காட்டியிருந்தேன்? பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் நமக்கு நினைவூட்டியது. நாமும் செபம் கற்பிக்கிறோம், வாய்பாடு கற்பிக்கிறோம், தேர்வுக்கு எழுப்பி விடுகிறோம். படைத்தவரின் சாயலில் பிறந்த குழந்தை தானும் ஒன்றைப் படைத்துப் பார்க்க விரும்பும்போது மட்டும் விளக்குமாற்றைத் தேடுகிறோம்.

இரண்டு வயது முதல் நான்கு வரை கிறுக்கல் பருவம் என்று விக்டர் லோவன்ஃபெல்ட் என்னும் ஓவியக் கல்வி அறிஞர் 1947-இல் வெளியான தம் நூலில் வகுத்துக் காட்டினார். அதன்பின்தான் வட்டம் தலையாகும், கோடு காலாகும். தலையிலிருந்தே கால் முளைத்த மனிதனைக் குழந்தை வரைந்தால் அது பிழையன்று. அந்த வயதின் பார்வை. அச்சிட்ட படத்துக்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்களை அவர் விரும்பவில்லை. பிறர் போட்ட கோட்டுக்குள் அடங்கப் பழகிய பிள்ளை, தன் கோட்டை நம்பாமல் போய்விடும் என்பது அவர் கவலை. எனக்கும் அந்தப் புத்தகங்கள் பிடிப்பதில்லை. ஆயினும் பயணத்தின்போது கைகொடுக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லத் தகுதியுள்ளவர் மரியா மாண்டிசோரி அம்மையார். உரோமையில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 1907 சனவரி 6 அன்று, திருக்காட்சிப் பெருவிழாவில், தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார்; போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். குழந்தையின் உயரத்துக்கேற்ற பலகை, கதவில்லாத தாழ்ந்த அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓரிடம் ஆகியவையே அவர் அமைத்த அறையின் அடிப்படை. யாரையும் கேளாமல் தானே எடுத்து, தானே திரும்ப வைக்கக் கூடிய பிள்ளைக்குத்தான் பொறுப்பு வரும்.

நம் வீடுகளில் தனி அறைக்கு எங்கே போவது? திண்ணையின் ஓரமோ, சன்னலடியில் இரண்டு சாக்கு விரிக்கும் அளவு தரையோ போதும். கிழக்குப் பக்கமானால் நலம். நம் பக்கத்து மாலை வெயிலில் மேற்குச் சன்னலடியில் எவராலும் உட்கார இயலாது. குழந்தையின் தோள் உயரத்துக்குச் சுவரில் ஒரு பலகை, அதன்மேல் நான்கைந்து ஓலைக் கொட்டான்கள். கரிக்கு ஒன்று, வண்ணக்கோலுக்கு ஒன்று, கத்தரித்த தாளுக்கு ஒன்று. அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் நூல் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் கூம்பு கிடைத்தால், அதைக் கவிழ்த்து வைத்துப் பென்சில் செருகலாம்.

தாளுக்குப் பஞ்சமில்லை. சிவகாசி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டு முடிந்ததும் காலண்டர் அட்டையைத் தூர எறியாதீர்கள்; நான்கு துணிக் கிளிப்புகள் சேர்த்தால் அதுவே வரைபலகை. மாதக் காலண்டரின் பின்பக்கம் வழுவழுவென்று பெரிய தாள். புனிதர் படமிருப்பதால் எறிய மனமின்றிப் பெட்டிக்கடியில் சேர்த்து வைத்திருப்போமே, அவற்றுக்கும் இவ்வாறு பயன் பிறக்கும். திருமண அழைப்பிதழ்களின் உட்பக்கம் சிறு படங்களுக்கு ஏற்றது.

கரியோ, நம் ஊர்ப் பொருள். கரிமூட்டம் போடும் ஊரில் கரிக்கோல் விலைக்கு வாங்குவது வெட்கம். விரல் பருமனில் காய்ந்த குச்சிகளை ஒரு தகர டப்பாவில் அடுக்கி மூடி, மூடியில் ஆணியால் ஒரு துளையிட்டுத் தணலில் ஒரு மணி நேரம் புதைத்து வையுங்கள். புகை நின்றதும் எடுத்து, முழுவதும் ஆறிய பின்பே திறக்க வேண்டும். இது பெரியவர்கள் செய்யும் வேலை.

வண்ணத்துக்குக் கருவேலம் பிசின் வேண்டும். (சீமைக்கருவேலன்று, நாட்டுக் கருவேல்.) இரவு நீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடித்து, காவிப்பொடியையோ சலித்த செங்கற்பொடியையோ குழைத்தால் தாளில் ஒட்டும் நீர்வண்ணம் ஆயிற்று. காய்ந்தபின் வெடிக்காதிருக்கத் துளி தேன் சேர்க்கலாம். எறும்பு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் அழகாய்ப் பற்றும். ஆனால் வெயில் பட்டால் சில நாளில் வெளிறிவிடும். வேப்பங்குச்சியின் நுனியை நைத்தால் தூரிகை. தண்ணீர் நமக்கு அருமையானது. கழுவுவதற்கு ஒரு கொட்டாங்கச்சி நீர் போதும், அதையும் கறிவேப்பிலைச் செடியில் ஊற்றச் சொல்லுங்கள்.

மூன்று பொருள்களை அந்த மூலையில் அனுமதிக்கலாகாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையையே பறிக்கும். மஞ்சளோடு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த நம் அனைவருக்கும் தெரியுமாதலால், பிள்ளைகளும் அதைத் தேடுவார்கள். கடையில் விற்கும் குங்குமத்தில் ஈயக் கலப்பு இருக்கக்கூடும். பழைய பெயின்ட் டப்பாக்களும் அவ்வாறே. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

களிமண்ணைக் கோடையிலேயே சேர்த்துவிடுங்கள். கண்மாய் வறண்டு வெடித்திருக்கும்போது இரண்டு கூடை வண்டல் எடுத்து, இடித்துச் சலித்து வைத்தால் திருவருகைக் காலத்தில் பிசையலாம். ஈரச் சாக்கில் பொதிந்தால் ஒரு வாரம் கெடாது. செய்த உருவங்களை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் காது முதலில் உதிரும்.

சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டி, முடித்த படங்களைக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். "இது என்ன?" என்று கேட்காதீர்கள், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். திருத்த வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

எங்கள் மூலையை அமைத்த முதல் மாதம் மகன் அந்தப் பக்கமே போகவில்லை. நானும் அழைக்கவில்லை. அவன் தங்கைதான் உட்கார்ந்து கிறுக்கிக் கொண்டிருந்தாள். ஒரு மழை நாளில் அவளுக்குக் கரி எடுத்துக் கொடுக்கப் போனவன் எழுந்து வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் குடிலில் கடைச்சரக்குப் பொம்மைகளுக்கு நடுவே களிமண் ஆடுகள் ஏழு நின்றன. பின்னால், ஞானியர் வரும் வழியில், காலண்டர் அட்டையில் வெட்டிய ஒரு பேருந்து. இம்முறை ஓட்டுநர் இருந்தார்.