ரவுட்டர் எழுதும் நாட்குறிப்பு

மின்சாரம் போய் வந்த ஓர் இரவில், இணையம் ஏன் இன்னும் தள்ளாடுகிறது என்று அறியும் ஆவலால், உலாவியில் 192.168.1.1 என்று தட்டி, ரவுட்டரின் 'சிஸ்டம் லாக்' பகுதியைத் திறந்தேன். முதல் வரியிலேயே திகைப்பு: 1970 ஜனவரி 1, காலை 5.30 மணி. வாங்கி மூன்று வருஷம்கூட நிரம்பாத பெட்டி அரை நூற்றாண்டுக்கு முந்தைய விவகாரத்துக்குச் சாட்சி சொல்வதைக் கண்டதும், யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

விஷயம் அவ்வளவு பயங்கரமானதன்று. மேசைக் கணினிக்குள் நாணயம் போலிருக்கும் பாட்டரி, மின்சாரமில்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே அவை உயிர் பெறும்போதெல்லாம், யுனிக்ஸ் மரபினர் காலக் கணக்கின் ஆதியாக வைத்துக்கொண்ட 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து, அதாவது நம் காலை ஐந்தரையிலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்து என்.டி.பி. சேவையகம் ஒன்றிடம் மணி கேட்டறிந்த பிறகே ஒரே தாவலில் நிகழ்காலத்துக்கு வந்து சேர்கின்றன. மின்சாரம் போகாத நாளிலும் இவ்வரிகள் நடுநடுவே தலைகாட்டினால், சந்தேகத்தை முதலில் அடாப்டரின் பேரில் திருப்புவது உத்தமம்.

அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தவை, 'டாஸ் அட்டாக்: ஆக் ஸ்கேன்' என்று கூவிய வரிகள். கைப்பேசியில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு நாம் மூடியதும், ரவுட்டர் அந்தச் சம்பாஷணையைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது. எதிர்முனைச் சேவையகமோ அதை அறியாமல் பாக்கியிருந்த ஒரு சொல்லைத் தாமதமாக அனுப்பி வைக்கிறது. உடனே நம் காவற்காரர், வீட்டார் வரச்சொல்லியிருந்த விருந்தாளியையே திருடன் என்று கூச்சலிடுகிறார். அனுப்பிய பக்கத்துப் போர்ட் எண் 443 என்றிருந்தால், அது பெரும்பாலும் இத்தகைய விருந்தாளிதான். மெய்யான துழாவலும் உண்டு: 23-ஆம் போர்ட்டை, அதாவது டெல்நெட் வாசலைத் தட்டிப் பார்ப்பவை, 2016-இல் மிராய் என்னும் நச்சு நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக்கொண்டே காமிராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்திய அதே வழியில் வருபவை. ஆனால் 2013-இலேயே ஸீமேப் என்ற கருவி, ஐ.பி.வி.4 முகவரிகள் முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்குள் விசாரித்துவிட வல்லதாயிருந்தது. நம் கதவு தட்டப்படுவதில் நம்மீது தனிப்பட்ட விரோதம் ஏதுமில்லை.

ரவுட்டரோடு இணைந்திருந்த சாதனங்களின் பட்டியலில் பெயரற்றது ஒன்றும் இருந்தது. மாடி வீட்டுப் பையனைச் சந்தேகித்தேன். பிறகு அதன் பன்னிரண்டு இலக்க மேக் முகவரியை உற்றுப் பார்க்க, இரண்டாம் இலக்கம் 6. அவ்விடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றிருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த எண்ணன்று, கைப்பேசி தானே புனைந்துகொண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலம் முதல் இது இயல்பான வழக்கம். என் கைப்பேசியின் வைஃபையை அணைத்தேன், அந்நியனும் மறைந்தான். பையனிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மெய்யாகவே அஞ்சத்தக்க வரி ஆர்ப்பாட்டமின்றி வரும்: 'அட்மின் லாகின் சக்ஸஸ்'. அன்றைய ஏட்டில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இரவு 10.42-க்கு. நுழைந்தவன் நானே, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில், வாங்கிய நாள் முதல் அச்சிட்டபடியே இருந்த கடவுச்சொல்லைத் தட்டித்தான் நுழைந்திருந்தேன்.