கட்டளைவரிக் கருவிகளும் தமிழ் அகரநிரலும்: மொழியிட அமைவு வாசிக்கப்படும் முறை

1. சிக்கல்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரின் பேச்சில் மராத்திச் சொற்களும் இந்திச் சொற்களும் கலந்து வழங்குகின்றன. அவற்றைத் தொகுக்கும் ஆய்வாளர் ஒருவர், சொற்களையும் இடப்பெயர்களையும் அகரநிரல்படுத்த 'சார்ட்' என்னும் கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துவதாகக் கொள்ளலாம். ஒரு கணிப்பொறியில் 'பவாய்' முன்னும் 'பன்வேல்' பின்னும் அமைகின்றன. மற்றொன்றில் இவ்வரிசை தலைகீழாகிறது. கருவியும் ஒன்றே, பட்டியலும் ஒன்றே. கருவி தொடங்கும்போது வாசிக்கும் 'லொகேல்' எனப்படும் மொழியிட அமைவே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். எந்த மொழிக்கு, எந்த நாட்டின் வழக்கிற்கு ஏற்ப இயங்க வேண்டும் என்பதைக் கருவிக்கு அறிவிப்பது இவ்வமைவாகும்.

2. குறியெண் வரிசையும் அகராதி வரிசையும்

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கு 1988ஆம் ஆண்டின் 'இஸ்கி' குறியேற்ற அமைப்பைத் தழுவியது. பல எழுத்துமுறைகள் ஒரே சட்டகத்தில் பொருத்தப்பட்டமையால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்திற்கு முன்னர் ளகர ழகரங்களும் இடம்பெற்றன. தமிழ் நெடுங்கணக்கோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என முடிவது. எழுத்துகள் அகரம் முதல் னகரம் ஈறாக முப்பது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்தே வரும் மரபு. ஆகவே குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் கருவி 'மறை'யை 'மலை'க்கு முன்னும், 'பழ'த்தைப் 'பவள'த்திற்கு முன்னும் வைக்கும். புள்ளியின் குறியெண் பிற எழுத்துகளின் எண்களைவிடப் பெரிதாதலின், 'அகம்' முந்தி 'அக்கா' பிந்தும். அகராதி மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருவதால் 'அக்கா' முந்த வேண்டும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மராத்தி நெடுங்கணக்கில் ளகரம் ஹகரத்திற்குப் பின் வருவது. குறியெண்ணிலோ அது வகரத்திற்கு முன் நிற்கிறது. எனவே இருமொழிப் பட்டியலில் மராத்திச் சொற்களும் இடம் பிறழும்.

3. அமைவு வாசிக்கப்படும் முறை

சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரப்பாட்டின்படி எந்த நிரலும் 'சி' என்னும் அடிப்படை அமைவிலேயே தொடங்கும். பயனரின் அமைவை ஏற்குமாறு 'செட்லொகேல்' என்னும் செயற்கூறை நிரல் அழைத்தாலன்றி அந்நிலை மாறாது. அழைத்தபின் வரிசைப்படுத்தலுக்கு மூன்று சூழல்மாறிகள் முறையே நோக்கப்படுகின்றன. 'எல்சி_ஆல்' என்பதற்கு மதிப்பு இருப்பின் அதுவே கொள்ளப்படும், இல்லையேல் 'எல்சி_கொலேட்', அதுவும் இல்லையேல் 'லாங்'. மூன்றும் வெறுமையாயின் பெரும்பாலும் 'சி' அமைவே நிலைக்கும். ஆகவே 'லாங்' என்பதில் தமிழ்-இந்தியா அமைவின் பெயராகிய 'டிஏ_ஐஎன்' என்பதைக் குறித்தும், 'எல்சி_ஆல்' என்பதில் 'சி' எஞ்சியிருந்தால் தமிழமைவு பயன்படாது.

4. திருத்தும் வழி

முதலாவதாக, 'லொகேல்' என்னும் கட்டளையால் நடப்பு மதிப்புகளைக் காண வேண்டும். இரண்டாவதாக, குறித்த அமைவு கணிப்பொறியில் நிறுவப்பட்டுள்ளதா என ஆராய வேண்டும். நிறுவப்படாத பெயரைக் குறித்தால் பல கருவிகள் யாதும் உரைக்காமல் 'சி' அமைவிலேயே இயங்கும். மூன்றாவதாக, தாமே எழுதும் நிரலில் 'செட்லொகேல்' அழைக்கப்படுவதையும், சரங்களை ஒப்பிட 'ஸ்டிரிங் கொலேட்' வகைச் செயற்கூறு பயன்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும். 'ஸ்டிரிங் கம்பேர்' வகைச் செயற்கூறு மொழியிட அமைவைப் பொருட்படுத்துவதில்லை.

அமைவின் பெயர் சரியாயிருப்பது மட்டும் போதாது. அதன் கோப்பில் எழுதப்பட்ட வரிசையே விளைவைத் தீர்மானிக்கிறது. 'அக்கா - அகம்', 'பவளம் - பழம்' ஆகிய இணைகளை முதலில் வரிசைப்படுத்திப் பார்த்தால் மெய்யின் இடமும் இடையின எழுத்துகளின் நிரலும் மரபுக்கு ஒத்துள்ளனவா என்பது புலப்படும்.

இரு பட்டியல்களை ஒப்பிடும் 'காம்', 'ஜாயின்' போன்ற கருவிகள், இரண்டும் ஒரே வரிசையில் அமைந்துள்ளன என்னும் எடுகோளில் இயங்குவன. வெவ்வேறு அமைவுகளில் வரிசைப்படுத்திய பட்டியல்களைத் தந்தால், இரண்டிலும் உள்ள சொல் ஒன்றில் இல்லையெனக் காட்டப்படலாம். வழங்கும் சொல் வழக்கிழந்ததாகக் கணக்கிடப்படுவது ஆய்வின் முடிவையே பிழையாக்கும்.

5. மொழிபெயர்ப்பாளருக்கு

கருவிகளின் செய்திகளுக்குக் 'குனு கெட்டெக்ஸ்ட்' தொகுதி 'லாங்குவேஜ்' என்னும் தனி மாறியையும் நோக்குகிறது. இதில் மொழிகளை முன்னுரிமைப்படி நிரல்படுத்தலாம். தமிழ், மராத்தி, ஆங்கிலம் எனக் குறித்தால், தமிழாக்கம் இல்லாத செய்தி மராத்தியிலும், அதுவும் இல்லையேல் ஆங்கிலத்திலும் தோன்றும். பன்மொழிச் சூழலில் வாழும் மும்பைத் தமிழருக்கு இயல்பாகப் பொருந்தும் ஏற்பாடு இது. எனினும் அடிப்படை அமைவு 'சி' எனில் இம்மாறி பொருட்படுத்தப்படுவதில்லை. தமிழாக்கம் நிறுவப்பட்டிருந்தும் திரையில் ஆங்கிலமே தோன்றுவதற்கு இது ஒரு காரணம். மொழிபெயர்ப்பைக் குறைகூறுமுன் அமைவை ஆராய்தல் வேண்டும்.

6. முடிவு

அகரநிரல் எழுத்துகளின் குறியெண்ணில் பொதிந்திருப்பதன்று. அமைவின் வாயிலாக அறிவிக்கப்பட வேண்டிய மொழி மரபாகும். எனவே சொற்பட்டியலை வெளியிடுவோர், பயன்படுத்திய குறியேற்றத்தோடு மொழியிட அமைவின் பெயரையும் முன்னுரையில் குறித்தல் நன்று. அவ்வாறு குறிக்கப்பட்ட பட்டியலையே பிறர் மீண்டும் வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் இயலும்.