அளவு சரி, சுமை?

கொட்டாஞ்சேனையில் காலை ஆறரை மணிக்கு ஸ்கூல் வேன்களின் ராஜ்யம்தான். ஜம்பட்டா வீதியின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி அவை வெளியே வரும். லீவு விட்டால் அதே வேன் மடுவுக்கோ கதிர்காமத்துக்கோ இரண்டு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படும். அந்த வேனுக்கு டயர் மாற்றும் நாளில் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, இருநூற்றைந்து எழுபது பதினைந்து இருக்கா?”

“இருக்கு தம்பி. இது கொஞ்சம் விலை கூட. மற்றது மலிவு. ரெண்டும் ஒரே சைஸ்தான்.”

ஒரே சைஸ்தான், அதில் பொய் இல்லை. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். டயரில் 15க்கு முன்னால் நிற்கும் ‘ஆர்’ எழுத்து ரேடியலைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதுவரை டிரைவர்மார் எல்லோருக்கும் மனப்பாடம். இதற்குப் பிறகு சின்னதாக வரும் எண்ணைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மலிவான டயரில் 96 என்று இருக்கும். மற்றதில் 15க்குப் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்தும், அதன் பின் 106/104 என்றும் இருக்கும்.

96 என்பது கிலோ அல்ல, உலகம் முழுதும் பொதுவான சுமை அட்டவணையின் வரிசை எண். அந்த அட்டவணையில் 96க்கு நேரே 710 கிலோ, 106க்கு நேரே 950 கிலோ. (104, அதாவது 900 கிலோ, பின்னால் இரட்டைச் சில்லு பூட்டும் வாகனங்களுக்கு.) முதலாவது கார் டயர், இரண்டாவது வேனுக்கும் சிறிய லொறிக்கும் செய்த டயர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெறும் வேன் 1,850 கிலோ என்று வையுங்கள். பெரியவர்கள் 14 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 910. பைகள், தண்ணீர்க் கேன், பொங்கல் பானை எல்லாம் சேர்த்து இன்னொரு 100. மொத்தம் 2,860. 96 எண் போட்ட நான்கு டயர்களும் சேர்ந்து தாங்குவது 2,840. அதுவும் பாரம் நான்கு சில்லுகளிலும் சமமாகப் பிரிந்தால்தான். நிறைந்த வேனில் பின் சில்லுகளுக்கே கூடுதல் பாரம் விழும்.

பாரம் கூடிய டயர் அந்த நிமிடமே வெடிக்காது என்பதுதான் இதில் ஏமாற்று. சுழலும் ஒவ்வொரு தடவையும் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது, அதில் சூடு பிறக்கிறது. காற்றும் குறைந்திருந்தால் மடிப்பு இன்னும் பெரிது, சூடும் பெரிது. ஓட ஓட உள்ளே இறப்பரும் கம்பிப் படையும் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று, கடைசியில் நல்ல வேகத்தில் மேல்தோல் உரிந்துவிடும். 2000 ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பனி அமெரிக்காவில் பாவனையில் இருந்த சுமார் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது இப்படித் தோல் உரிந்ததால்தான். 270க்கும் மேற்பட்ட மரணங்களை அந்நாட்டு அதிகாரிகள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தினார்கள். தயாரிப்புக் குறையோடு, குறைந்த காற்றழுத்தமும் தென் மாநிலங்களின் வெயிலும் விசாரணையில் பேசப்பட்டன. கொழும்பு வெயில் அதற்குச் சளைத்ததல்ல.

காற்று விடயத்தில் இங்கே ஒரு தனிக் குழப்பம் உண்டு. ஜப்பான் வாகனத்தின் டிரைவர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் அழுத்தம் கிலோபாஸ்கலில் இருக்கும், காற்றடிக்கும் கடை மீற்றர் பிஎஸ்ஐயில் காட்டும். 100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பிஎஸ்ஐ. ஆகவே 240 என்று போட்டிருந்தால் 35 அடிக்க வேண்டும். “முப்பது போடு” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போவது, டயரின் தாங்கு சக்தியில் ஒரு பங்கை நாமே குறைத்துக்கொள்வது.

சுமை எண்ணுக்குப் பின் வரும் ஆங்கில எழுத்து வேகத்துக்கானது. எல் என்றால் 120 கிலோமீற்றர், கியூ 160, எஸ் 180, டீ 190, எச் 210, வி 240. பேலியகொடையில் ஏறிக் கட்டுநாயக்க போகும் அதிவேக நெடுஞ்சாலையிலேயே உச்ச வேகம் 100தான். வேகன் ஆர் போன்ற சின்னக் காருக்கு வி எழுத்துத் தேடிக் காசு கொடுப்பது வெறும் பகட்டு. ஆனால் கியூ எழுத்தைக் கண்டால் இன்னொரு முறை பார்ப்பது நல்லது, அது பனிக்கால டயராக இருக்கலாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தது. ஜப்பானின் குளிர்ப் பகுதியில் ஓடிய பாவித்த கார் பனிக்கால டயரோடு வந்து இறங்கக்கூடும். பக்கச் சுவரில் மலை உருவத்துக்குள் பனிப்பூ பொறித்திருந்தால் அது பனிக்குச் செய்த மெது இறப்பர். நம் தார் வீதியில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வயதையும் டயரே சொல்லும். டொட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கட்டை தேயாவிட்டாலும் 10 வருடம் தாண்டியதைக் கழற்றிவிடும்படி பல டயர் கம்பனிகளே சொல்கின்றன. கடையில் ‘புதுசு’ என்று அடுக்கியிருப்பதிலும் இந்த இலக்கத்தைப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிவிட்டு, ‘டயர் 4’ என்று மட்டும் எழுதிய பில்லோடு வீடு திரும்பினால் பிறகு பேச வாய் இருக்காது. அளவு, சுமை எண், வேக எழுத்து, அந்த நான்கு இலக்கம் நான்கையும் பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. பொருளின் தரம் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. டயர் வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை அந்தச் சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வழி கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். அரசாங்க அலுவலகங்களோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988இன் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது.

வெடித்த டயரைப் பலர் அங்கேயே கடையில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். முறைப்பாடு செய்வதானால் அதையும் உரிந்த துண்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சுமை எண் தெரியும் பக்கத்தைப் போனில் ஒரு படம், பில்லை ஒரு படம். இன்ஷூரன்ஸ்காரர் வந்து கேட்கும்போதும் முதலில் காட்ட வேண்டியது இவைதான்.