அடுக்களையில் அடங்கியிருக்கும் நெருப்பு
எரிவாயு அடுப்பை வீட்டில் பொருத்தும்போது அறிந்திருக்க வேண்டியவை

அடுப்பு எரியும் வீடே குடியுள்ள வீடு என்று நம் முன்னோர் கருதினர். மாலை வேளையில் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், ஓலைக் கூரைகளுக்கு மேலே புகை எழுந்தால் அவ்வீட்டார் நலமாயிருக்கின்றனர் என்பது பொருள். காட்டு விறகும், பொச்சுமட்டையும், சிரட்டையும், காய்ந்த தென்னம்பாளையும் எரித்த அந்த அடுப்புகள் பல இன்று முற்றத்துக் கொட்டிலுக்கு ஒதுங்கிவிட்டன. அவற்றின் இடத்தில் எரிவாயுச் சிலிண்டர் வந்து அமர்ந்திருக்கிறது.

குளிர் தேசங்களில் சுவரினுள்ளே பதித்த கணப்படுப்பு வீட்டின் ஓர் அங்கமாகும். நம் நாட்டிலும் நுவரெலியாவின் பழைய பங்களாக்களில் அத்தகையவற்றைக் காணலாம். வாவிக்கரையில் வாழும் நமக்குக் குளிர்காயும் தேவை இல்லை. ஆனால் புளியந்தீவிலும், கல்லடியிலும், காத்தான்குடியிலும் புதிதாக எழும் வீடுகளில் சமையலடுப்பையே கல்மேடையில் பதித்து, அதன்கீழ் அலுமாரி அமைத்து, சிலிண்டரையும் அதனுள்ளே மறைத்து வைக்கும் வழக்கம் பரவி வருகிறது. பார்வைக்கு அழகானதுதான். எனினும் நெருப்பையும் அதற்குரிய உணவையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கும்போது, அவற்றின் இயல்பை அறிந்து அடைக்க வேண்டும் அன்றோ?

எரிவாயுவின் இயல்பு

நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் வாயு, புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவையாகும். அமுக்கத்தின்கீழ் அது திரவமாகிச் சிலிண்டரினுள் அடங்குகிறது. வெளியே வந்ததும் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகின்றது. புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கும், பியூட்டேன் வாயு ஏறக்குறைய இரு மடங்கும் பாரமானவை. ஆகவே கசியும் வாயு விறகுப் புகையைப்போல மேலெழுந்து ஓட்டிடுக்கால் போய்விடுவதில்லை. தண்ணீரைப்போலத் தரையில் பரவுகிறது, பள்ளத்தை நாடுகிறது, அலுமாரியின் அடியிலும் கழிவுநீர்க் கானிலும் தேங்குகிறது.

ஓர் எளிய கணக்கை மாணவர்கள் செய்து பார்க்கலாம். 10 அடி நீளமும் 10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஓர் அடுக்களையின் கொள்ளளவு ஏறத்தாழ 22 கன மீற்றர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாயு கலந்துவிட்டால் அக்கலவை தீப்பற்றக்கூடியது. அந்த அளவை எய்துவதற்கு வேண்டியது ஒரு கிலோகிராம் வாயு மாத்திரமே. 12.5 கிலோகிராம் கொண்ட ஒரு சிலிண்டரில் அத்தகைய அடுக்களைகள் பன்னிரண்டுக்குப் போதிய அபாயம் அடங்கியிருக்கிறது. அலுமாரிக்குள் மூடிக்கிடக்கும் சிறு வெளிக்கோ, ஒரு சில பிடி வாயுவே போதும்.

பிறர் பட்ட துயரம் தந்த பாடம்

இவ்வாயுவுக்கு இயற்கையில் மணம் பெரிதாக இல்லை. நாம் உணரும் அருவருப்பான நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. எதைல் மேர்கப்டன் என்னும் பொருளே அந்த நாற்றத்தைத் தருகிறது. இவ்வழக்கம் உறுதிப்பட்டதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள நியூ லண்டன் என்னும் ஊரின் பாடசாலையில், கட்டடத்தின் அடியிலிருந்த வெளியில் மணமற்ற இயற்கை வாயு ஒருவரும் அறியாமல் தேங்கியது. மின்கருவி ஒன்றின் பொறி பட்டதும் பாடசாலை இடிந்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே வாயுவுக்கு மணமூட்டல் அம்மாநிலத்தில் சட்டமாயிற்று. பிற இடங்களும் அதைப் பின்பற்றின. இன்று நம் அடுக்களையில் எழும் அந்த நாற்றம், அக்குழந்தைகளின் இழப்பினால் உலகுக்குக் கிடைத்த எச்சரிக்கை எனலாம்.

இன்னொரு நிகழ்ச்சி, பொருத்துதலில் ஏற்படும் சிறு குறை எத்துணைப் பெரிதாகும் என்பதைக் காட்டும். 1968ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி அதிகாலை, கிழக்கு லண்டனில் ரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் குடியிருப்பின் 18ஆவது மாடியில், ஒரு பெண்மணி தேநீர் தயாரிக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். வாயு வெடித்தது. சுவர் விலக, அம்மூலையிலிருந்த வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. நால்வர் இறந்தனர், 17 பேர் காயமுற்றனர். அப்பெண்மணியோ உயிர் தப்பினார். விசாரணையில் வெளிப்பட்ட காரணம் யாது? அடுப்பையும் வாயுக் குழாயையும் இணைத்த பித்தளைச் சுரை ஒன்று தரம் குறைந்ததாயிருந்து உடைந்துவிட்டது என்பதே. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுரை, ஒரு மாளிகையின் மூலையையே வீழ்த்திற்று.

நம் நாட்டில் நடந்தது

தூரதேசத்துக் கதைகள் என்று இவற்றை ஒதுக்க இயலாது. 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் எரிவாயு விபத்துச் செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. அடுப்பை மூட்டவே இல்லத்தரசிகள் அஞ்சிய காலம் அது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் சனாதிபதி நியமித்த குழு, வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே பிரதான காரணமென அறிவித்தது. வழமையாக ஐந்தில் ஒரு பங்களவில் இருந்த புரொப்பேன், ஏறத்தாழச் சரிபாதி அளவுக்கு உயர்ந்திருந்தது.

விகிதம் மாறினால் என்ன நேரும்? 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பியூட்டேனின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 3 மடங்கு; புரொப்பேனின் அமுக்கமோ ஏறத்தாழ 11 மடங்கு. புரொப்பேன் மிகுந்தால் சிலிண்டரினுள் அமுக்கம் கூடும். நேற்றுவரை தாக்குப்பிடித்த தளர்ந்த இணைப்பும் பழைய இறப்பர்க் குழாயும் இன்று கசியத் தொடங்கும். அப்போது அறிவிக்கப்பட்டவற்றுட் பல, சிலிண்டரே வெடித்த நிகழ்ச்சிகள் அல்ல. இணைப்புகளில் ஏற்பட்ட கசிவும், அடுப்பின் கண்ணாடித் தட்டுச் சிதறியமையுமே. கலவையைச் சீராக வைத்திருப்பது விற்பவர் கடமை. அரசாங்கத்தின் கண்காணிப்பு அதற்குத் தேவை. வீட்டிலுள்ள குழாயையும் இணைப்பையும் சீராக வைத்திருப்பதோ நம் கையில் இருக்கிறது.

எங்கே வைப்பது?

சிலிண்டரை வீட்டின் வெளிப்புறத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், பூட்டிய கம்பிக் கூட்டினுள் வைத்து, உலோகக் குழாய் வழியாக வாயுவை உள்ளே கொண்டுவருவதே சாலச் சிறந்தது. சுவரைத் துளைத்துச் செல்லும் குழாயை நேரே சாந்தினுள் புதைக்காமல், சற்றுப் பெரிய உறைக்குழாய் ஒன்றினூடாகச் செலுத்த வேண்டும். இவ்வேலை பயிற்சி பெற்ற பொருத்துநருக்கு உரியது. மேசனிடமோ தச்சரிடமோ ஒப்படைக்கத் தக்கதன்று.

உள்ளேதான் வைக்க வேண்டுமாயின், சிலிண்டர் சமதரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதைப் படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவரும். தரைமட்டத்திற்குக் கீழான குழியிலோ, கான் வாய்க்கு அருகிலோ வைத்தல் ஆகாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி இருப்பது நன்று. விறகடுப்பையும் எரிவாயு அடுப்பையும் ஒரே அறையில் வைத்திருப்பவர்கள் மிகக் கவனிக்க வேண்டும். கசிந்த வாயு தரைவழியே ஊர்ந்து சென்று, சாம்பலுள் கனன்றுகொண்டிருக்கும் தணலைத் தொட்டால் போதும். சுவாமி விளக்கிற்கும் இது பொருந்தும்.

மேடையில் பதிக்கும் அடுப்பாயின், அதன்கீழ் உள்ள பான்ட்ரி அலுமாரி முற்றாக அடைபட்டிருத்தல் கூடாது. கதவின் அடிப்புறத்திலும் மேற்புறத்திலும் திறந்த துவாரங்கள் வேண்டும். அடித் துவாரம் தரையோடு ஒட்டியிருந்தாலன்றி, பாரமான வாயுவுக்கு வெளியேற வழியில்லை. வாயுவை அடைக்கும் வால்வு, சட்டிபானைகளை அகற்றாமலே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

யன்னல் இருக்கிறதே என்று ஆறுதல் அடைபவர் உளர். யன்னல் இடுப்புயரத்துக்கு மேலே இருப்பது. வாயுவோ கணுக்காலளவில் கிடப்பது. வெளிச்சுவரின் அடியில் ஒரு துவாரம் விட்டு, பாம்பும் எலியும் புகாதபடி கம்பி வலை அடித்துவிட வேண்டும். யன்னலும் வீணன்று. ஒரு கிலோகிராம் வாயு முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 12 கன மீற்றர் காற்றுத் தேவை. மாரியில் சாரலுக்கு அஞ்சிக் கதவையும் யன்னலையும் அடைத்துச் சமைக்கும்போது காற்று போதாமல், நிறமும் மணமும் இல்லாத நஞ்சாகிய காபனோரொட்சைட்டு உண்டாகலாம். சுவாலை நீலமாயிருத்தல் நலம். மஞ்சளாகிச் சட்டியின் அடியில் கரி படிந்தால், காற்றுப் போதவில்லை அல்லது அடுப்பின் வாய் அழுக்கடைந்திருக்கிறது என்று கொள்க.

குழாயும் இணைப்பும்

இறப்பர்க் குழாயும் ரெகுலேற்றரும் எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் உடையனவாய் இருத்தல் வேண்டும். குழாய் ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளவேண்டாம். இடையில் ஒட்டுப் போடுதல் எக்காரணத்தாலும் கூடாது. இரு முனைகளிலும் உலோகப் பிடிவளையம் இறுக்கமாக இருக்க வேண்டும். கயிற்றாலோ கம்பியாலோ கட்டுதல் விபத்தை விருந்துக்கு அழைப்பதாகும். குழாயை அடுப்பின் பின்புறமாக, சூடு படும்படி செலுத்தாதீர்கள். அதன் மேல் அச்சிட்ட காலம் கடந்ததும், வெடிப்புத் தோன்றாவிடினும் மாற்றிவிடுங்கள்.

நம் பிரதேசத்துக்கே உரிய இரு பகைகள் உண்டு. ஒன்று உப்புக்காற்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் இரும்பு விரைவில் துருவேறும். துருப்பிடிக்காத உருக்கினாலான பிடிவளையமே ஏற்றது. சிலிண்டரின் அடிவளையம் துருவேறி உதிர்ந்திருந்தால் கடைக்காரரிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மற்றையது எலி. வயல் வெட்டு முடிந்ததும் வீடுகளை நாடும் எலிக்கு இறப்பர்க் குழாய் ஒரு பொருட்டன்று. உருக்குக் கம்பி வேய்ந்த குழாய் அதற்கு மாற்று.

ஒவ்வொரு முறையும் சிலிண்டரை மாற்றியவுடன் சவர்க்கார நுரையை எல்லா இணைப்புகளிலும் பூசிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியைப் பிடித்துப் பரீட்சிப்பது மூடத்தனம். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு துளி சவர்க்காரமும் இரண்டு நிமிடமுமே. பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளையிடம் இக்கடமையை, பெற்றோர் அருகிலிருக்க, ஒப்படைத்தால் பாடமும் படியும், வீடும் காக்கப்படும்.

வெள்ளம் வருமுன்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. வெள்ளத்தில் வெற்றுச் சிலிண்டர் மட்டுமன்று, பாதி நிறைந்ததும் மிதக்கும். மிதந்து சாயும்போது குழாயை இழுத்துப் பிடுங்கும். ஆகவே வெள்ள எச்சரிக்கை கிடைத்தவுடன் வால்வை அடைத்து, ரெகுலேற்றரைக் கழற்றி, மூடியை இட்டு, சிலிண்டரை உயரமான இடத்தில் நிமிர்த்திக் கட்டிவிட வேண்டும். நீர் வடிந்தபின், சேறு புகுந்த ரெகுலேற்றரை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் பொருத்துவதே அறிவுடைமை.

நாற்றம் எழுந்தால்

அடுக்களையில் நாற்றம் எழுந்தால் மின் ஆளியைத் தொடாதீர்கள். விளக்கைப் போடுவதும் குற்றம். எரியும் விளக்கை அணைப்பதும் குற்றம். இரண்டிலும் பொறி எழும். மின்விசிறியைச் சுழலவிட்டு வாயுவை விரட்ட முயலவேண்டாம். எரியும் சுவாலை ஏதுமிருந்தால் அணைத்து, ரெகுலேற்றரை அடைத்து, கதவு யன்னல்களை விரியத் திறந்து, எல்லோரும் வெளியேறுக. கைத்தொலைபேசியில் பேசுவதும் வெளியே சென்ற பின்னரே ஆகட்டும்.

சிலிண்டரின் கழுத்தில் தீப்பற்றினால், ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வால்வை அடைக்கக்கூடுமாயின் அடைக்கலாம். இயலாதெனின் பொருளை எண்ணி நிற்காமல் அகன்று விடுங்கள். தீக்காயம் பட்டால் பற்பசையும் எண்ணெயும் தடவும் பழக்கத்தைக் கைவிட்டு, 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் பிடியுங்கள். பெருங்காயமாயின் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை இலவசமாக அழைக்கலாம்.

2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக நம் மக்கள் வெயிலில் வரிசையில் நின்றதை எவரும் மறக்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரலில் 12.5 கிலோகிராம் லிற்றோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியது. இத்துணைப் பாடுபட்டுச் சிலிண்டரைத் தோளில் சுமந்து வரும் குடும்பத்துக்கு, சில நூறு ரூபா பெறும் குழாயை மாற்றுவது பாரமாகத் தோன்றலாம். ஆயினும், அதிகாலையில் எல்லோருக்கும் முன்னெழுந்து, இருட்டில் தனியே அடுக்களைக்குள் நுழைந்து, முதற் தீக்குச்சியைக் கிழிப்பவர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாயோ மனைவியோ மகளோ கிழிக்கும் அந்தக் குச்சி, தேநீர் அடுப்பை மட்டும் மூட்டுவதாக அமையட்டும்.