வெயிலில் வாடும் கோழிக்கு முருங்கைக்கீரை

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் சகோதரிகளுக்குக் கவலைதான். முட்டை குறையும். நேற்று வரை நன்றாக மேய்ந்த கோழி இன்று சுருண்டு கிடக்கும். பிள்ளைகளின் செலவுக்கென்று நம்பியிருந்த சிறு வருமானமும் போய்விடும். காரணம் தெரிந்தால் இந்த இழப்பைப் பெருமளவு குறைக்கலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெயில் ஏறும்போது வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க முடியும். அந்த நேரத்தில் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் தீங்கான மூலக்கூறுகள் உடலுக்குள் பெருகுகின்றன. துரு இரும்பை அரிப்பது போல இவை உயிரணுக்களின் மேற்சவ்வை அரிக்கின்றன. நோயை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்களும் இதற்குத் தப்புவதில்லை. அதனால்தான் கோடையில் கோழி எளிதில் நோயில் விழுகிறது.

இந்த அரிப்பைத் தடுக்கும் சத்துகளை ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ என்கிறார்கள். வைட்டமின் சி, வைட்டமின் இ இரண்டும் இவ்வகை. கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும். கடும் வெயிலில் அது போதாமல் போகும். வைட்டமின் இ உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

இதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முருங்கைக்கீரையில் இந்தச் சத்துகள் உண்டு. பச்சைக் கீரையை நறுக்கிப் போடலாம். நிழலில் உலர்த்திப் பொடித்தும் கலக்கலாம். வெயிலில் காயவைத்தால் சத்து குறைந்துவிடும். ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டு தேக்கரண்டி கீரைப்பொடி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போதும். நெல்லிக்காயையும் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். காறல் வாடை அடிக்கும் தவிட்டையும் பூஞ்சை பிடித்த தானியத்தையும் தவிருங்கள். அவை கேட்டைக் கூட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கீரையும் மஞ்சளும் உடலுக்குத் துணைதான். தடுப்பூசிக்கு மாற்று அல்ல. வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் எந்த இலையும் காப்பாற்றாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் ஊசியும் போட்டுவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே போடுவது நல்லது.

நிழல், குளிர்ந்த தண்ணீர், தடுப்பூசி. இந்த மூன்றும் இருந்தால்தான் முருங்கைக்கீரையின் பலன் முழுதாகக் கிடைக்கும்.